சம்பந்தியம்மாவின் நெஞ்சுப் படபடப்பு

என் கண்ணு, அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் அப்படித்தான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கேன், இல்லேன்னா அதையும் மறைக்காம எழுது. தினம் போன்ல பேசுற அம்மா திடீர்னு கடிதம் எழுதறாளேன்னு நீ முழிப்ப. போன்ல அந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே உனக்கு சிக்னல் போயிடுது, நானும் எத்தனை தடவைதான் ஹலோ ஹலோன்னு கத்துறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். கோபத்துல தூக்கி ஓரமா வெச்சாலும் மறுபடி எடுத்துப் படிக்காம உன்னால இருக்க முடியாது, உன்னை எனக்குத் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம ஹால்ல இப்ப ஒரு பொம்பள உக்காந்திருக்கா, அவ காதுல விழாம உங்கிட்ட பேசணும்னா எழுதித்தான் ஆகணும், அதனால சமையலறை மேடையில பேப்பரை வெச்சு நின்னுக்கிட்டே எழுதறேன். யாருன்னு சொல்றேன், அவசரப்பட்டு கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

முதல்ல வீட்டு விஷயம். உங்கப்பா பஸ் ஓட்டுறதுல இருந்து ரிடையர் ஆனதும் ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கிட்டு வந்து சுவத்துல பார்த்த இடமெல்லாம் ஓட்டை போடுறார், எதுக்குங்கன்னு கேட்டா பின்னாடி உதவும்கிறார். உன் மாமாவுக்கு முழங்கால் வலி, நம்ம மாடிப்படி ஏற முடியலைன்னு வர்றதையே நிறுத்திட்டார், அந்தக் கால் இப்படியே நூறு வருஷம் இருக்கட்டும். எனக்கு கிளினிக்ல அதே வேலைதான், ஈசிஜி எடுக்கிறது, பிரஷர் பார்க்கிறது, பயந்து வர்றவங்களைப் படுக்க வெச்சு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்றது. வரவேற்புல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கு, நாங்க ஸ்பீக்கர்னு பேர் வெச்சிருக்கோம், அது உள்ள இருந்து ஒரு நோயாளியைக் கூப்பிட்டா எதிர் மருந்துக்கடையில இருந்து நாலு பேர் எழுந்து வர்றாங்க. நீ அந்தக் கனமான கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் வெளிய போறியா? போன தடவை வீடியோவுல கழுத்தைத் திறந்து போட்டுக்கிட்டு நடக்கிற, அந்தப் பனியில அது என்ன அலங்காரம். உனக்கு அங்க சளி பிடிச்சா இங்க எனக்குத் தொண்டை கட்டுது, சும்மா சொல்லல. நீ பரீட்சை எழுதின காலத்துல இருந்து இதே கதைதான், உன் கை வேர்த்தா என் கை வேர்க்கும். நீ அந்த வீட்ல இருந்த வருஷங்கள்ல சாயங்காலமானா எனக்கு அடிவயித்தைப் போட்டு பிசையும், டாக்டரம்மா வாயுத்தொல்லைன்னு மாத்திரை கொடுத்தாங்க, நீ அந்த வீட்டை விட்டு வந்த வாரமே மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உன் கல்யாணத்தை முறிக்கிறப்போ நம்ம ஹால்ல ரெண்டு வீட்டாளுங்களும் உக்காந்து பேசினது உனக்கு மறந்திருக்கலாம், மறந்துட்டேன்னு நீயா சொல்லிக்கலாம். நான் மறக்கல. அவன் படியேறி வர்ற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை ஜில்லுன்னு ஆயிடுது, அந்த வீட்ல எனக்கு மூச்சு விட முடியலைன்னு நீ சொன்ன. அவன் என்னதான் பண்ணினான்னு எல்லாரும் மாறி மாறிக் கேட்டாங்க, அதுக்கு நீ வாயைத் திறக்கல. அப்ப உன் மாமியார், என் அருமைச் சம்பந்தி, கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு எழுந்திரிக்காமலேயே சொன்னா பாரு. என் பையனைப் பார்த்து பயமா, நான் பெத்து வளர்த்தவ, எனக்கு ஒரு நாளாவது நெஞ்சு அடிச்சிருக்கா, உங்க பொண்ணுக்குப் பொய் சொல்ற வியாதி இருக்கு, வைத்தியம் பாருங்கன்னா. உன் மாமாவும் தலையாட்டினார், அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே அவர்தானே. சம்பந்தம் பேசப் போன அன்னிக்கு பையன் கேக்கறதுக்கு முன்னாடியே அம்மா தண்ணியை நீட்டுறா, அவன் எழுந்தா அவளும் எழுந்திரிக்கிறா, அம்மா பிள்ளைன்னா இப்படி இருக்கணும், ரெண்டு உடம்பு ஒரு உசுருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன். அதுக்கப்புறம் நீ யார்கிட்டயும் எதையும் விளக்கிச் சொல்றதை விட்டுட்ட. வெளிநாட்டுல வேலை கிடைச்சதும் போயிட்ட, இன்னும் ஊர்ப்பக்கம் வரல. எங்கிட்ட இருந்து உன்னைப் பிரிச்சது அவன் கூட இல்ல, அந்த ஒரு பேச்சுதான். அவளுக்கு ஒரு நாள் வரும், அதை நான் பக்கத்துல இருந்து பார்க்கணும்னு தினம் நினைச்சுக்கிட்டுத்தான் தலை சீவினேன்.

வந்துச்சு. போன மாசம் ஒரு நாள் ஸ்பீக்கர் ஒரு பேரைக் கத்துது, எனக்குக் கையில இருந்த ஈசிஜி பசை டியூப் நழுவிடுச்சு. உள்ள வந்தது அவளேதான், பின்னாடி அவன். ரத்த அழுத்தம் ஏடாகூடமா இருக்காம், இங்க பார்த்தா கூரையைத் தொடுதாம், அவன் வெளியூர் போயிருந்த ஒரு நாள் வீட்ல மயங்கி விழுந்தப்போ பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்தா பாதாளத்துல இருந்துச்சாம். டாக்டரம்மா கொஞ்ச நாளைக்கு இவங்களை வரவழைச்சு, உக்கார வெச்சு, படுக்க வெச்சு, நிதானமா பார்த்துச் சொல்லுங்கன்னு எங்கிட்ட அனுப்பிட்டாங்க. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துடுச்சு. அவன் மட்டும் தோரணையா, இங்க வேற ஆள் கிடையாதான்னு கேட்டான். வேற ஆள் லீவுங்க, வேணும்னா வேற ஆஸ்பத்திரி தெருமுனையில இருக்குன்னேன். எனக்கு எவ்வளவு ஆனந்தமா இருந்துச்சுன்னு எழுதத் தெரியல. எல்லாருக்கும் ஈசிஜி எடுக்கிறப்போ அந்தப் பசையை உள்ளங்கையில தேய்ச்சு சூடு பண்ணித்தான் நெஞ்சுல வெப்பேன், அவளுக்கு அப்படியே ஜில்லுன்னு வெச்சேன். துள்ளினா. அசையாதீங்கம்மா, கோடு கோணலாயிடும்னேன். அவனைச் செருப்பை வெளிய விடச் சொன்னேன், அப்புறம் போனை அணைக்கச் சொன்னேன், அப்புறம் உக்காந்த நாற்காலி நோயாளிங்களுதுன்னு எழுப்பி விட்டேன். சின்னப் புத்திதான், நீ சிரிப்ப. சிரி, சிரிக்கத்தான் எழுதறேன்.

அடுத்த தடவை வந்தப்போதான் நான் அந்தக் கூத்தைப் பார்த்தேன். விரல்ல மாட்டுற கிளிப் ஒண்ணு இருக்கு, மாட்டினா நாடி அடிக்கிறதுக்கு ஏத்த மாதிரி மெஷின் பீப் பீப்புன்னு சத்தம் போடும். அவன் சுவத்துல சாய்ஞ்சு நின்னு போனைப் பார்த்துக்கிட்டிருந்தான், பீப் ஓடுது. போன்ல எதையோ பார்த்து பல்லைக் கடிச்சான், ஒரு வார்த்தை பேசல, தாடை மட்டும் அசைஞ்சுது, பீப் ஓட்டமா ஓடுது. அவன் மூச்சை இழுத்தா அவ மூச்சு நிக்குது. கண்ணை மூடித்தான் படுத்திருக்கா, ஆனா அவன் கால் மாத்தி நின்னா இவ கால் விரல் மடங்குது. எனக்கு ஏதோ பொறி தட்டுச்சு. வெளிய காரை யாரோ எடுக்கச் சொல்றாங்கன்னு சும்மா ஒரு பொய் சொல்லி அவனை அனுப்பினேன். கதவு மூடினதும் அவ தோள் ரெண்டும் இறங்குச்சு, சத்தம் நிதானமாச்சு, பிரஷர் பார்த்தா மளமளன்னு கீழ வருது. சரி, பார்ப்போம்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வராந்தாவுல அவன் இருமினான். உள்ள கூட வரல, அங்கிருந்து ஒரு இருமல்தான். பீப் எகிறிடுச்சு கண்ணு. எந்தப் படபடப்பைச் சொன்னதுக்கு உன்னை வியாதிக்காரின்னாளோ, அதே படபடப்பு அந்த அறை முழுக்கக் கேக்குது. எனக்குத் தலைகால் புரியல. என் பொண்ணு சொன்னது நிஜம்னு அவ விரலே சொல்லுதேன்னு அந்த மெஷினைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அப்பவே டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லியிருக்கலாம். பையன் பக்கத்துல இருந்தா ஏறுது, இல்லேன்னா இறங்குது, நீங்க ஏறினதைப் பார்த்து மாத்திரை கொடுக்கிறீங்க, அவன் வேலை விஷயமா வெளியூர் போற நாள்ல அது அளவுக்கு மேல இறங்கி இவங்க விழறாங்கன்னு ரெண்டு வாக்கியம்தான். சொல்லல. வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். மெஷின் சொன்னா எனக்கு என்ன ஆச்சு, அவ வாயால சொல்லணும், நம்ம ஹால்ல சொன்ன அதே வாயால. அதுவரைக்கும் ஒரு வாரம் தவிக்கட்டும்னு விட்டேன். அந்த வாரத்துல அவன் மறுபடி வெளியூர் போயிருக்கான், இவ மறுபடி விழுந்திருக்கா, அடுத்த தடவை நெத்தியில தையலும் பிளாஸ்திரியுமா வந்தா. எனக்குப் பாவமா இருந்துச்சுன்னு எழுத மாட்டேன். அன்னிக்கு மட்டும் பசையை உள்ளங்கையில தேய்ச்சு சூடு பண்ணி வெச்சேன், கைப் பழக்கம், அதனால இருக்கும்.

அன்னிக்கு அவனை ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி வான்னு கீழ அனுப்பிட்டு, கதவைச் சாத்தி, அவ பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். சத்தம் போடல, சாதாரணமாத்தான் கேட்டேன். டாக்டரம்மா இன்னிக்கு மாத்திரையைக் கூட்டப் போறாங்க, கூட்டினா நீங்க அடுத்த தடவை எங்க விழுவீங்கன்னு யாருக்கும் தெரியாது, கூட்ட வேணாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் தெரியும், ஆனா அதை நீங்க முதல்ல சொல்லணும், உங்களுக்கு யாரைப் பார்த்தா நெஞ்சு அடிச்சுக்குதுன்னேன். அவ கூரையைப் பார்த்துக்கிட்டே கிடந்தா. கண்ணோரத்துல தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போகுது, துடைக்கக் கூட இல்ல. அப்புறம் சொன்னா, எனக்கு மட்டும் இல்ல, சமையலறையில உங்க பொண்ணும் நானும் நிக்கிறப்போ கீழ வண்டி நிக்கிற சத்தம் கேக்கும், ரெண்டு பேர் கையும் ஒண்ணா ஜில்லுன்னு ஆயிடும், அவ என் கையைப் பிடிச்சுக்குவா, நான் அவ கையைப் பிடிச்சுக்குவேன், அவன் உள்ள வர்றதுக்குள்ள விட்டுடுவோம்னா. எனக்குக் குபீர்னு ஏறிடுச்சு. தெரியாம சொல்லியிருந்தா அது ஒரு மாதிரி. தெரிஞ்சு, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன கையோட வந்து, நம்ம வீட்டு ஹால்ல உக்காந்து உனக்கு வியாதின்னு சொல்லியிருக்கா. ஏன்னு கேட்டேன். அன்னிக்கு அவன் என் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தான்னா. அவ்வளவுதான் பதில். அவன் எதிர்லயே உக்காந்திருக்க என் பொண்ணு உண்மையைச் சொல்லலியான்னு கேட்டுட்டு ஸ்டூலைத் தள்ளிட்டு எழுந்தேன்.

அதுக்கப்புறம் நான் பண்ணினதுல எனக்கு எந்த வெட்கமும் இல்ல. டாக்டரம்மா உள்ள வந்ததும், அவனும் சீட்டோட வந்து நின்னதும், அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன், டாக்டர், இந்த ஐயா உள்ள இருந்தா இவங்களுக்கு ஏறுது, வெளிய போனா இறங்குது, நீங்களே பாருங்கன்னு. டாக்டரம்மா என்னையும் பார்த்தாங்க, அவனையும் பார்த்தாங்க, எனக்கும் இதுல ஒரு சந்தேகம் இருந்துச்சு, கொஞ்சம் வெளிய நில்லுங்க தம்பின்னாங்க. போனான். பீப் இறங்குச்சு. உள்ள வாங்க தம்பி. வந்தான், ஏறுச்சு. மறுபடி வெளிய. மறுபடி உள்ள. ஸ்பீக்கர் வேற என்ன நடக்குதுன்னு கதவுகிட்ட வந்து நிக்குது, அது பின்னாடி ரெண்டு நோயாளிங்க. பள்ளிக்கூடத்துல வீட்டுப்பாடம் எழுதாத பையனை வாசல்ல நிறுத்தின மாதிரி நின்னான். அவன் காது சிவக்கச் சிவக்க அந்தச் சத்தமும் கூடவே வேகமாகுது, அவன் அதைக் கேக்கிறான், கேட்டு இன்னும் கோபப்படுறான், அது இன்னும் வேகமாகுது. இதெல்லாம் ஏமாத்து வேலை, இந்தம்மாவுக்கு என் மேல விரோதம்னு கத்தினான். கத்தினதும் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டு கீ கீன்னு அலற ஆரம்பிச்சுது, டாக்டரம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, இனிமே நீங்க காருக்குள்ளேயே உக்காருங்கன்னு. அப்புறம் எங்களுக்கு விளக்கினாங்க, பெத்தவங்களும் வளர்ந்த பிள்ளைங்களும் கூட இருக்கிறப்போ மூச்சும் நாடியும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஓடுறது உண்டு, ஆராய்ச்சி பண்றவங்க எதிர் எதிர்ல உக்கார வெச்சு அளந்தே பார்த்திருக்காங்க, பாசத்துலயும் ஓடும், பயத்துலயும் ஓடும், எதுனாலன்னு மெஷினுக்குத் தெரியாதுன்னு. எனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டே அவ விரல்ல இருந்து கிளிப்பைக் கழட்டினேன். அவங்க ரெண்டு பேரும் படியிறங்கிப் போறதை ஜன்னல்ல இருந்து பார்த்தேன், அவன் முன்னாடி விறுவிறுன்னு போறான், அவ பின்னாடி கைப்பையைக் கட்டிக்கிட்டு அதே வேகத்துக்கு ஓடுறா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து வயிறு நிறைய சாப்பிட்டேன்.

இப்ப ஹால்ல யார்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். போன வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து முகம் கழுவிக்கிட்டிருக்கேன், பெல் அடிக்குது, திறந்தா அவதான் நிக்கிறா, அதே கைப்பை, கூட ஒரு துணிப்பை. கிளினிக்ல மானத்தை வாங்கிட்டேன்னு அவன் வீட்ல ஒரு வார்த்தை பேசறதில்லையாம், மாத்திரையை எடுத்து ஒளிச்சு வெச்சுக்கிட்டு கேட்டுக் கேட்டு வாங்க வெக்கிறானாம். கூடப் பிறந்தவங்ககிட்ட போய் அழுதாளாம், அவனைப் போயா சொல்ற, உனக்கு மனசு சரியில்லைன்னுட்டாங்களாம். நல்லா இருக்கா கதை? எங்க வீட்டுக்கு ஏன் வந்தேன்னு கேட்டேன். சொந்தத்துல இதைக் கண்ணால பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான்னா. நான் கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். உள்ள விடல. என் பொண்ணு பொய்காரின்னு இந்த வீட்ல சொன்னீங்களே, அது பொய்யுன்னு இந்த வாசல்லயே நின்னு சொல்லுங்க, கீழ் வீட்டுக்குக் கேக்கிற மாதிரின்னேன். கீழ தையல்கார அம்மா மெஷினை நிறுத்திட்டாங்க, எனக்கு நல்லா தெரிஞ்சுது. அவ சொன்னா. குரல் எழும்பல, இன்னும் சத்தமான்னேன், சொன்னா. மறுபடியும் சொல்ல வெச்சேன். உன் மாமாவுக்கும் போன் போட்டுக் கொடுத்து அதையே சொல்ல வெச்சேன், அந்தப் பக்கம் முழங்கால் மட்டும் இல்ல, நாக்கும் மடங்கிடுச்சு. இதுக்குள்ள உங்கப்பா என்னமோ நல்ல விருந்தாளி வந்த மாதிரி பின்னாடி இருந்து நாற்காலியைத் தூக்கிட்டு வர்றார், நான் முறைச்ச முறைப்புல அப்படியே அதைத் தூக்கிட்டுத் திரும்பிப் போனார். கடைசியில உள்ள விட்டேன். உன் அறையைப் பூட்டி சாவியை இடுப்புல செருகிக்கிட்டேன், ஹால் சோபாவுலதான் படுக்கை. நான் சாப்பாடு போடுறேன், பேசறதில்ல. மாத்திரையை டாக்டரம்மா குறைச்சுட்டாங்க, நெத்தியில தையலும் பிரிச்சாச்சு.

ஆசை தீர்ந்துதான்னு நீ கேப்ப. தீர்ந்துடும்னுதான் இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவன் கீழ வந்து நின்னு ஹாரன் அடிச்சான். மேல வரல, அடிச்சுக்கிட்டே இருந்தான். உங்கப்பா டிரில்லிங் மெஷினைக் கையில பிடிச்சுக்கிட்டே இறங்கிப் போனார், அதோட ஒயர் எதுலயும் மாட்டல, அது அவனுக்கு எப்படித் தெரியும். இங்க இவ என்ன பண்ணினா தெரியுமா, ஹாரன் கேட்டதும் கையில இருந்த தட்டை அப்படியே வெச்சுட்டு, கையைக் கூடக் கழுவாம, செருப்பைத் தேடுறா. யாரும் கூப்பிடல, அவளா எழுந்து போறா. உக்காருன்னு சொல்லி மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சேன். பிடிச்ச விரல் நாடி மேலயே விழுந்துடுச்சு, தொழில் புத்தி. குதிரை மாதிரி ஓடுது. ஓடுறது அவளுதுன்னு பார்த்தா என் நெஞ்சும் அதே வேகத்துல அடிக்குது. எவளைப் பழி வாங்கணும்னு இத்தனை வருஷம் காத்திருந்தேனோ அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, அவ கூடச் சேர்ந்து நானும் அந்த நாய்க்குப் பயந்து உக்காந்திருக்கேன். எனக்கு அது பிடிக்கவே இல்ல. உதறிட்டு எழுந்திருக்கலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அவ என் கையையே பார்த்துக்கிட்டு கேட்டா, உங்க பொண்ணுக்கு வலது மணிக்கட்டு இப்ப எப்படி இருக்கு, பனியில வலிக்குமேன்னு.

எந்த மணிக்கட்டுன்னேன். அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. உங்களுக்குத் தெரியாதான்னா. சமையலறைக் கதவாம். நீ கையை எடுக்கிறதுக்குள்ள அவன் அறைஞ்சு சாத்தினானாம், திறந்து பார்த்துட்டு மறுபடியும் சாத்தினானாம். இவதான் பழைய துண்டைக் கிழிச்சுக் கட்டி, ஆட்டோ வெச்சு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிப் போயி, குளியலறையில வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லியிருக்கா. வர்ற வழியில நீ அவகிட்ட ஒண்ணுதான் கேட்டியாம், எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்கன்னு. எப்பன்னு கேட்டேன், உன் மாமா பொண்ணு கல்யாணத்துக்கு நீ வராம போனியே, காய்ச்சல்னு சொல்லி, அந்த வாரமாம். நான் அந்த வாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்துட்டேன் கண்ணு. எனக்கு ஒண்ணுமே ஆகல. நல்ல புடவையைக் கட்டிக்கிட்டுப் போனேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், வர்றப்போ பஸ்ல உங்கப்பா தோள்ல சாய்ஞ்சு வீடு வர்ற வரைக்கும் தூங்கினேன்.

இவளை என்ன பண்ணட்டும், நீ சொல்லு. உன் கையைக் கட்டினவளும் இவதான், உன்னை வியாதிக்காரின்னவளும் இவதான். எனக்குத் தள்ளி விடணும்னுதான் இருக்கு, துணிப்பையைப் படியில வெச்சுக் கதவைச் சாத்த எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். ஆனா அடி வாங்கினது நீ, அதனால தீர்ப்பும் உன்னுது, நீ வெச்சுக்கன்னா வெச்சுக்கிறேன், ஒரு கேள்வி கேக்க மாட்டேன். அவனை விடுறதா இல்ல. கிளினிக்ல எல்லார் முன்னாடியும் நிறுத்தினது கொஞ்சம்தான். அந்த எலும்பு டாக்டர் இன்னும் அதே தெருவுலதான் இருக்கார், இவளைக் கூட்டிக்கிட்டுப் போய் உண்மையைச் சொல்ல வெக்கப் போறேன், அப்புறம் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போறேன், நீ வேணாம்னு சொன்னாலும் போவேன், அதுல மட்டும் உன் பேச்சைக் கேக்கறதா இல்ல. நீ நோய் நொடி இல்லாம இரு, நிறைஞ்ச ஆயுசோட இரு, உனக்குப் பிடிக்காத காலடிச் சத்தம் உன் வாசல்ல என்னிக்கும் கேக்காம இருக்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பக்கத்துல நிக்க முடியாம பால்கனிக்குப் போயிட்டார். போன் பண்ணாதே, பதில் கடிதமாவே வரட்டும். முதல் வரியில அந்த மணிக்கட்டு எப்படி இருக்குன்னு எழுது. நல்லா இருக்குன்னு நீ சொன்னா நம்ப மாட்டேன், அந்தக் கையாலேயே எழுது, எழுத்தைப் பார்த்து நானே தெரிஞ்சுக்கிறேன்.

உன்
அம்மா